டாக்டர் சுப்பா ராவும் ஏழைக்கு எட்டும் மருந்தும்

கோவில்பட்டிக் கடைத்தெருவின் மருந்துக் கடைகளில் மெதோட்ரெக்ஸேட் என்ற சிறு மஞ்சள் மாத்திரையை வாங்கிச் செல்வோர் பலர். முடக்குவாதத்தால் விரல் மடக்க இயலாமற் போன தீப்பெட்டித் தொழிலாளிப் பெண் வாரத்துக்கு ஒரு நாள் அதை விழுங்குகிறாள். இரத்தப் புற்று கண்ட குழந்தைக்கும் அதே மருந்தைத்தான் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேறு அளவில் கொடுக்கிறார்கள். எட்டயபுரத்துக் கவியையும் ஒட்டப்பிடாரத்துக் கப்பலோட்டியையும் அறியாத பிள்ளை நமது கரிசற் சீமையில் இல்லை. ஆனால் இம்மாத்திரையைத் தந்தவர் யார் என்று வினவினால், அது ஏதோ ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சரக்கு என்று படித்தவர்களே விடை கூறுவார்கள். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் படித்தவர் என்பதையும், அந்தக் கதருக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பதையும் நமது நேயர்கள் அறிந்திருப்பது அவசியம்.

யெல்லப்பிரகட சுப்பா ராவ் 1895-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. ஏழு குழந்தைகளில் நான்காமவர். செல்வம் இல்லாத குடும்பம். பையனுக்குப் படிப்பில் ஊக்கமும் இல்லை. பதின்மூன்று வயதளவில், காசிக்குப் போய் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் திரட்டலாம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டாராம். தாயார் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளியில் உட்கார்த்தினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரு முறை தவறி, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பரீட்சையில் தவறிய பிள்ளைகளின் பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நிதானித்து வாசிப்பார்களாக.

ராஜதானிக் கல்லூரியில் படித்தபோது அவருக்குத் துறவில் நாட்டம் உண்டாயிற்று. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், தாயார் சம்மதிக்கவில்லை. சந்நியாசம் கிட்டாதவர் வைத்தியத்தைப் பற்றிக்கொண்டார். படிப்புச் செலவில் ஒரு பகுதியை, பின்னர் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி ஏற்றுக்கொண்டார். சுப்பா ராவ் மருத்துவக் கல்லூரியில் இருந்த காலம் மகாத்மாவின் அழைப்பு நாடெங்கும் கேட்ட காலம். அறுவை சிகிச்சைக் கூடத்தில் அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்து அணிந்தார். பிராட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. விடைத்தாள்கள் நன்றாக இருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. சென்னை மருத்துவ சேவையில் உத்தியோகம் பெறும் வாயிலும் அதனால் அடைபட்டது. ஒரு முழத் துணிக்கு அரசாங்கம் செலுத்திய விலை எவ்வளவு என்பதை அன்று யாரும் கணக்குப் பார்த்திருக்க முடியாது.

டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரி அவரை உடற்கூற்று ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் அவர் குடும்பத்தில் ஒரு பெருந்துன்பம் நிகழ்ந்தது. ஸ்ப்ரூ என்று வைத்தியர் கூறும் கழிச்சல் நோய், உண்ட உணவு உடலில் ஒட்டாமல் மனிதனை உருக்கிக் கொல்லும் வியாதி, அவருடைய இரு சகோதரர்களைச் சில தினங்கள் இடைவெளியில் கொண்டு போயிற்று. அவரையும் பற்றியது, லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார். பிழைத்தவரின் உள்ளத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது: அம்மருந்தில் குணப்படுத்தியது எது? அந்தக் கேள்வியைப் பரம்பரை வைத்தியத்தின் மீது பழி கூறவும் அவர் பயன்படுத்தவில்லை. அதன் மகிமை பேசிக் காலம் கழிக்கவும் பயன்படுத்தவில்லை. விடை தேட ஆராய்ச்சிசாலை வேண்டும் என்று கண்டார். மாமனாரின் உதவியும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மத்தின் உதவியும் கொண்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொன்னவர் திரும்பவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன் இறந்தது; தகப்பன் அதன் முகத்தைக் காணவில்லை. இதை நாம் புகழ்ந்து எழுத மாட்டோம். பெரியவர்களின் சரித்திரத்தில் அவர்கள் பொருட்டுப் பிறர் செலுத்திய கடனும் எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் உஷ்ணப் பிரதேச வியாதிகள் பற்றிய படிப்பை முடித்தார். வயிற்றுப்பாட்டுக்காக இரவு நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். வைத்தியப் பட்டம் பெற்றவர் செய்த வேலை இது. பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் இடம் கிடைத்தது. 1925-இல் இருவரும் இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தின் மூலம் அளவிடும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அம்முறை ஃபிஸ்கே, சுப்பா ராவ் பெயராலேயே உலகெங்கும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த அளவுகோலைக் கையில் கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927-இல் கிரியேட்டின் பாஸ்பேட் வெளிப்பட்டது. 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்; ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டு தனியே கண்டார். உயிரின் செலாவணி அதுவே. உழவன் ஏர் பிடிக்கும்போதும், நேயர் இவ்வரிகளைப் படிக்க விழியை அசைக்கும்போதும் செலவாகும் நாணயம் அது. தசையின் உழைப்புக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நோபல் பரிசு பெற்றவர்கள் கூறிய கொள்கை இக்கண்டுபிடிப்புகளால் ஆட்டம் கண்டது.

சுப்பா ராவுக்கு 1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. தம்மை முன்னிறுத்தாத சுபாவம் அவருக்கு. ஃபிஸ்கேயின் பெயர் முன்னே நிற்கத் தாம் பின்னே நின்றார். அவருடைய கண்டுபிடிப்புகளில் சில ஃபிஸ்கேயால் வெளிவராது போய், பல வருஷங்களுக்குப் பின் பிறரால் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அந்த ஆராய்ச்சிசாலையில் பயின்று 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் தெரிவித்திருக்கிறார். இங்கே கதருக்காகப் பட்டம் குறைந்தது. அங்கே அயலான் என்பதால் பதவி எட்டவில்லை. இரண்டிலும் அவர் வழக்காடவில்லை. வழக்காடியிருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

1940-இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சித் தலைவரானார். அவருடைய வாழ்க்கையின் செழித்த எட்டு ஆண்டுகள் இவை.

இங்கே நமது நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி வருகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளிடையே பரவியிருந்த கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சில மாதங்கள் உழைத்தார். ஈஸ்ட் சாரத்தை உண்ணக் கொடுத்தால் அச்சோகை நீங்குவதை 1931-இல் வெளியிட்டார். சாரத்திலிருந்த பொருள் எது என்று தெரியாமல் வில்ஸ் பொருள் என்றே அதை அழைத்தனர். பருத்திக் காட்டில் நாள் முழுதும் குனிந்து எடுப்பு எடுத்து, கம்பங்கூழோடு பசியாறி, முகம் வெளுத்து நிற்கும் கர்ப்பிணிகளைக் கண்ட நமக்கு அந்தப் பம்பாய்ப் பெண்கள் அந்நியர் அல்லர். ஃபோலிக் அமிலம் என்று பின்னர் பெயர் பெற்ற அப்பொருளைச் சுப்பா ராவின் குழுவினர் ஈரலிலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் பிரித்து, அமைப்பைக் கண்டு, 1945-இல் ரசாயனக் குடுவையிலேயே செய்து காட்டினார்கள். அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது குணம் கண்டது. சகோதரர் இருவரைக் கொன்ற வியாதிக்கு மருந்து, கால் நூற்றாண்டு கழித்து அவர் மேற்பார்வையிலேயே பிறந்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய்க்கூறு நிபுணர், இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில இனத்துப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, அதிகரித்தது. இந்தத் தோல்வியிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. ஃபோலிக் அமிலம் புற்றுக்கு உரமானால், அதைப் போன்றே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் போலிப் பொருள் புற்றைப் பட்டினி போடும் அல்லவா? சுப்பா ராவின் ஆராய்ச்சிசாலை அத்தகைய போலிகளைச் செய்து கொடுத்தது. ஃபோலிக் அமிலத்தின் ஒரு முனையில் ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜனை வைத்தார்கள். மாற்றம் அவ்வளவே. உயிரணு அதை உண்மையான ஃபோலிக் அமிலம் என்று நம்பி ஏற்கிறது. அணு இரண்டாகப் பெருகுவதற்கு இன்றியமையாத ஓர் என்சைமின் வாயில் அது சிக்கி அடைத்துக்கொள்கிறது. இது அமினோப்டெரின். ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்ததை 1948 ஜூன் மாதத்தில் வெளியிட்டார். தணிவு தற்காலிகந்தான், ஆனால் அதுவரை எந்த வைத்தியனும் காணாத தணிவு. அமினோப்டெரினோடு ஒரு மீதைல் தொகுதியைச் சேர்த்த தம்பிதான் மெதோட்ரெக்ஸேட். 1956-இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் ஒரு கொடிய புற்றை அதைக் கொண்டு முற்றும் குணப்படுத்தினார்கள்.

அதே ஆராய்ச்சிசாலையிலிருந்து அதே ஆண்டுகளில் யானைக்கால் வியாதிக்கான டைஎதில்கார்பமஸைன் 1947-இல் வந்தது. நமது அரசாங்கம் கூட்டம் கூட்டமாக ஜனங்களுக்கு விநியோகித்த மாத்திரை அதுவே. டெட்ராசைக்ளின் இனத்து முதல் மருந்தான ஆரியோமைசினை அங்கே கண்டவர் முதியவரான டக்கர். அவ்வாராய்ச்சியை ஆதரித்து நடத்தியவர் சுப்பா ராவ்.

1948 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. வயது 53. தேசம் சுதந்தரம் பெற்று ஓராண்டு நிறைய ஒரு வாரமே இருந்தது. சுதந்தர பாரதத்தின் மண்ணை அவர் மிதிக்கவில்லை. அமெரிக்கா 1946-இல் இந்தியருக்குக் குடியுரிமை தரச் சட்டம் இயற்றிய பின்னும் அதைப் பெறாமலே இறந்தார். நமது தபால் இலாகா அவருக்கு முத்திரை வெளியிட்டது 1995-இல், பிறந்த நூற்றாண்டுக்கு. அதற்குள் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இனி, அவருடைய உழைப்பு இன்றைய ஒரு பெரிய விவகாரத்தோடு சம்பந்தப்படுவதைச் சொல்ல வேண்டும். புற்றை நேரே கொல்வதற்குப் பதிலாக, உடலின் காவற்படையைப் புற்றின் மீது ஏவும் சிகிச்சை இப்போது பிரபலமாகியிருக்கிறது. காவற்படை என்பது இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள். அவை வேலி தாண்டி நம் பயிரையே மேய்ந்துவிடாதபடி இயற்கை அவற்றுக்குக் கடிவாளம் பூட்டியிருக்கிறது. புற்று அந்தக் கடிவாளத்தைத் தன் கையில் பிடித்து இழுத்துக்கொள்கிறது; காவலன் பரண்மேல் இருந்தும் பயனில்லை. கடிவாளத்தை அவிழ்க்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் அல்லிசனும் ஜப்பானியரான தசுக்கு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். முதல் மருந்து 2011-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இம்மருந்துகள் ஆன்டிபாடி என்ற பெரும் புரதங்கள். ஹைட்ரஜன் அணுவின் எடை ஒன்று எனில் இவற்றின் எடை ஏறத்தாழ 1,50,000. மெதோட்ரெக்ஸேட்டின் எடை 454. பெரும் புரதத்தை உயிருள்ள அணுக்களைத் தொட்டிகளில் வளர்த்தே செய்ய வேண்டும். குளிரில் பாதுகாக்க வேண்டும். நரம்பில் ஏற்ற வேண்டும். வைத்தியச் செலவு லட்சக்கணக்கில் ஓடுகிறது. மானாவாரிக் காட்டில் ஒரு மழை தவறினால் விதைக்கடன் கட்ட முடியாத விவசாயி இந்த மருந்தின் பெயரை உச்சரித்துத்தான் என்ன பயன்?

ஆகவேதான் அதே வேலையைச் செய்யும் சிறு மூலக்கூறுகளை, மாத்திரையாக விழுங்கக்கூடியவற்றை, விஞ்ஞானிகள் தேடுகின்றனர். சிறு பொருள் அணுவின் சுவர் தாண்டி உள்ளே நுழையும், குடுவையில் செய்யலாம், அலமாரியில் வைக்கலாம். காவலர்களை உசுப்பும் இமிக்விமாட் என்ற களிம்பு ஒருவகைத் தோற்புற்றுக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல்விகளும் உண்டு. எபகடோஸ்டாட் என்ற மாத்திரை பெரும் நம்பிக்கையோடு வந்து, 2018-இல் பெருஞ்சோதனையில் பயனற்றதென்று முடிந்தது. பெங்களூரின் ஆரிஜீன் ஆராய்ச்சிசாலையில் பிறந்த ஸிஏ-170 என்ற வாய்வழி மருந்து 2016-இல் மனிதரிடம் சோதனைக்கு வந்தது. அது எந்தப் பூட்டில் எவ்விதம் பொருந்துகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே சர்ச்சை எழுந்தது.

இத்தேடலில் சுப்பா ராவின் பழைய நாணயம் மறுபடி தலைகாட்டுகிறது. புற்றுக்கட்டியில் மடியும் அணுக்களிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட் வெளியே கசிகிறது. அணுவுக்கு வெளியே அது அபாய மணி, காவலரை அழைக்கும். புற்றோ அதை என்சைம்களால் நறுக்கி வெறும் அடினோசினாக்கிவிடுகிறது. அடினோசின் காவலரை உறங்கச் செய்யும். அந்த உறக்கத்தைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகள் பல சோதனைக்கு வந்துள்ளன. விநோதம் என்னவெனில், முடக்குவாதத்தில் மெதோட்ரெக்ஸேட் வேலை செய்வதும் ஓரளவு அடினோசினைப் பெருக்கித்தான். அங்கே காவலர் தம் வீட்டையே தாக்குகின்றனர். உறங்க வைப்பது நன்மை. ஒரே மனிதர் 1929-இல் கண்ட பொருளும் 1940-களில் செய்வித்த மருந்தும் இப்படி ஒரு சந்தியில் கூடுகின்றன.

பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு சோதனையை நமது அரசியல் நண்பர்கள் கவனிக்க வேண்டும். வாயிலும் தொண்டையிலும் முற்றிய புற்று கண்ட 151 பேரை இரு பிரிவாக்கினார்கள். வெற்றிலைப் புகையிலை வழங்கும் நாட்டில் இது யார் வியாதி என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு பிரிவினருக்கு மெதோட்ரெக்ஸேட்டும் வேறு இரு மாத்திரைகளும் மட்டும். மற்றப் பிரிவினருக்கு அவற்றோடு நிவோலுமாப் என்ற ஆன்டிபாடி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம். மேல்நாட்டு வழக்கம் இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஆக இது வழக்கமான அளவில் 18-இல் ஒரு பங்கு. ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர் முதற் பிரிவில் நூற்றுக்கு 16.3, இரண்டாம் பிரிவில் 43.4. முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. விலையைக் குறைக்கும்படி கம்பெனியைக் கெஞ்சாமல், எவ்வளவு மருந்து போதும் என்று நோயாளியின் உடலையே கேட்டறிந்த காரியம் இது. சுப்பா ராவின் மாத்திரை இரு பிரிவிலும் இருந்தது.

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்று கூறுவோம். 1970-ஆம் வருஷத்துப் பேட்டன்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தர மறுத்து, செய்முறைக்கு மட்டும் உரிமை தந்தது. நமது மருந்துத் தொழில் அந்த நிழலில் வளர்ந்தது. 2005-இல் நிழல் அகன்றது. ஆயினும் கட்டாய லைசென்ஸ் என்ற ஆயுதம் சட்டத்தில் இருக்கிறது. 2012-இல் சொராஃபெனிப் என்ற புற்று மாத்திரைக்கு அது முதன் முறையாகப் பிரயோகிக்கப்பட்டு, மாதம் சுமார் 2,80,000 ரூபாய் என்றிருந்த விலை 8,800 ரூபாய்க்கு வந்தது. அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் அம்மருந்து சிறு மூலக்கூறாக இருந்தது. ஹைதராபாத் கம்பெனி ஒன்று குடுவையில் செய்துவிட முடிந்தது. பெரும் புரதத்துக்கு லைசென்ஸ் கையில் இருந்தாலும் தொட்டியும் தொழில்நுட்பமும் தேட ஆண்டுகள் ஆகும். எனவே சிறு மூலக்கூறா, பெரும் புரதமா என்பது விஞ்ஞானிகளின் பேச்சு மட்டும் அன்று; வறியவன் உயிர் வாழும் உரிமையைப் பற்றிய பேச்சும் ஆகும்.

சுப்பா ராவ் படித்த அதே கல்லூரியில் அவருக்கு முன் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுக்குப் பலிகொடுத்தபின், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். கரிசற் காட்டு நோயாளி அடையாறு போய்ச் சேர ஓர் இரவு ரயிலில் கழிய வேண்டும். திருநெல்வேலியும் மதுரையும் பஸ் பிரயாணத் தொலைவு. பம்பாயில் நிரூபணமான சிறு அளவுச் சிகிச்சையை இவ்விரு ஊர்களின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகக் கொடுக்கவும், மாத்திரைப் பகுதியைக் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் ஆஸ்பத்திரிகளிலேயே நோயாளி பெற்றுக்கொள்ளவும் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கோருகிறோம். ஜில்லாவிலுள்ள ஊழியர்கள் தத்தம் சட்டசபை அங்கத்தினரிடம் இக்கோரிக்கையை எழுத்து மூலம் சேர்ப்பிக்கலாம்.